பழுது என்று எழுதிய கசற்

என்னுடைய வலக்கைப் பெருவிரலை நம்பித்தான் கோப்பாயிலும் நல்லூரிலும் பல வீடுகளில் ஆங்கிலப் படம் போட்டார்கள். அந்த விரல் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பெருமைக்காக அல்ல.

எண்பத்தைந்தாம் ஆண்டளவில் என்னிடம் ஒரு ரீவியும், வீடியோக் கசற் போடும் டெக்கும் வந்து சேர்ந்தன. ஜேர்மனியில் இருந்த மைத்துனர் கொண்டுவந்தவை. நான் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் மூலம் ஆங்கிலப் படக் கசற்றுகளைச் சேர்த்தேன். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, வெளிநாடு போகிறவருக்கு விருந்து என்று வீடுகளில் ஏதாவது நடந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுப் படம் போடச் சொல்வார்கள். வாடகைக் காரின் பின் ஆசனத்தில் ரீவியை மடியில் வைத்த மாதிரிப் பிடித்துக்கொண்டு போவேன்.

அங்கே எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ரீவிக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்வது. மற்றது பெருவிரலின் வேலை. அந்த டெக்கின் றிமோட்டுக்கு நீளமான வயர் உண்டு. திரையில் ஆணும் பெண்ணும் நெருங்கினால், அல்லது ஒருத்தியின் உடுப்பு முழங்காலுக்கு மேலே போனால், முன் வரிசையில் இருக்கும் கிழவர் இருமுவதற்கு முதலே என் விரல் பொத்தானை அழுத்திவிடும். படம் கோடு கோடாக ஓடும். ஆட்கள் எறும்பு மாதிரி ஓடித்திரிவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓடி முடிந்ததும் விட்ட இடத்தை ஒரே வசனத்தில் சொல்லி நிரப்புவேன். "பாரிலை ஒரு சண்டை. வேறை ஒண்டுமில்லை." எந்தப் படத்தில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது எனக்குப் பாடம். "மாஸ்டர் வாறாரெண்டால் குமர்ப்பிள்ளையளையும் இருத்தலாம்" என்று தாய்மார் சொல்வார்கள். அது எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம்.

எண்பத்தாறில், ஒரு விடுமுறை நாள் காலையில், குருநகரைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தகப்பன் சம்மாட்டி, சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். பத்தொன்பது வயது வரை இவரும் தகப்பனோடு கடலுக்குப் போனவர். பிறகு கொழும்புக்குப் போய் ஒரு ஹொட்டேலில் றொக் இசைக்குழுவில் கிற்றார் வாசித்திருக்கிறார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர் இருந்த அறை எரிந்தது. கிற்றாரும் படங்களும் அதோடு போயின. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது உடம்பில் இருந்த உடுப்பு மட்டும்தான்.

"சேர், உங்களிட்டை இருக்கிற படமெல்லாத்தையும் ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமோ? கதை எனக்குத் தேவையில்லை" என்றார்.

"கதை தேவையில்லையெண்டால் பிறகென்னத்தைப் பாக்கப்போறீர்?"

"ஆக்களை."

அவர் தேடியது எனக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. மேல்நாட்டு றொக் பாடகர்களும் ஹெவி மெற்றல் வாத்தியக்காரர்களும் சில படங்களில் ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போவார்களாம். பாட்டுக்காரராக அல்ல, பஸ் சாரதியாக, சவப்பெட்டி தூக்குகிறவராக, நீதவானாக. மேடையில் நெருப்புக் கக்கும் ஒரு மேளக்காரர், என்னிடம் இருந்த ஒரு படத்தில் பெற்றோல் ஷெட்டில் நின்று கதாநாயகியின் காருக்குப் பெற்றோல் அடித்தார். அந்தப் படத்தை நான் பத்து வீடுகளில் போட்டிருந்தேன். பெற்றோல் அடிக்கிறவரை யார் பார்த்தது?

"நிப்பாட்டுங்கோ சேர்! உவன்தான். உவன்ரை கையைப் பாருங்கோ, மேளத்தடி பிடிக்கிறமாதிரி பம்பைப் பிடிச்சிருக்கிறான்."

"இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆளைக் கூப்பிடுவான்? ஆர் நிண்டாலும் பெற்றோல் ஊத்துப்படும்தானே."

"தெரிஞ்சவன் கண்டு சிரிக்கோணும். தெரியாதவனுக்கு அவன் பெற்றோல்காரன்தான். அதுதான் சேர் உதிலை இருக்கிற பகிடி."

அந்த விடுமுறையில் அவர் பல தடவை வந்தார். நான் முழுக் கதையும் தெரிந்த ஆள். அவருக்குக் கதையின் ஓரத்தில் நிற்கிறவர்களைத் தெரியும். அவரிடமிருந்து சில விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை அடுத்த வீட்டில் என் சொந்த அறிவுபோல எடுத்துவிட்டதும் உண்டு.

சில நாட்களில் மாதா கோவிலிலிருந்து இரவல் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் நின்று வாசிப்பார். நின்றுதான் வாசிப்பார். இடக்காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, உடம்பைப் பின்னுக்குச் சரித்துக்கொண்டு வாசிப்பார். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, கால் வைக்கத் தரை கிடக்கு. கதிரை இருக்கிறதுக்கு."

"மன்னிக்கோணும் அக்கா. கால் தன்பாட்டிலை ஏறுது."

வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் பார்த்துப் பழகிய ஸ்ரைல் என்று நான் மனைவிக்கு விளக்கம் சொன்னேன். எனக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

அவர் தன்னுடைய கதையைச் சொன்னது அதன் பிறகுதான். எண்பதிலோ எண்பத்தொன்றிலோ, வெள்ளைக்காரர் சிலர் கொழும்புக்குப் படம் பிடிக்க வந்திருக்கிறார்கள். அவருடைய குழு வாசித்த ஹொட்டேலை வேறு ஏதோ நாட்டு இரவு விடுதியாக மாற்றி, இவர்களையே மேடையில் நிற்க வைத்திருக்கிறார்கள். இவருக்குச் சிவப்புச் சேட்டு. முன்னால் ஒருவன் போத்தலை உடைத்துச் சண்டை பிடிக்க, இவர்கள் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். கதாநாயகன் அன்றைக்கு வரவேயில்லை. அவனுக்குப் பதிலாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம். படத்தின் பெயரை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

"கமெரா என்னிலை ஒரு நாலு செக்கன் நிண்டது சேர். எண்ணினனான்."

"நாலு செக்கனுக்கோ இவ்வளவு பாடு? உம்மை ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை அப்பாக்குத் தெரிஞ்சால் காணும்."

தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் இருந்த சங்கதி இதுதான். கொழும்பிலிருந்து திரும்பிய யாரோ ஒருவர், உங்கள் மகன் ஹொட்டேலில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் என்று சம்மாட்டியிடம் சொல்லியிருக்கிறார். மேடையில் வாசித்தேன், படத்திலும் நின்றேன் என்று மகன் சொன்னதைத் தகப்பன் நம்பவில்லை. கோவிலில் பாட்டுக்கு கிற்றார் தட்டுவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அது சிறுவயதில் சுவாமியார் பழக்கியது. கொழும்பு வாழ்க்கைக்கு வேறு சாட்சி எல்லாம் எரிந்துவிட்டது. உலகத்தில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் அந்த நாலு செக்கன்தான் மிச்சம்.

எண்பத்தெட்டில், அவருடைய தமக்கையின் மகளுக்கு முதல் நன்மை, கோவிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து பின்னேரம் குருநகர் வீட்டில் படம் போட அவரே என்னை அழைத்துப்போனார். யன்னல்களை வள்ளத்தின் பழைய பாய்த் துணியால் மறைத்திருந்தார்கள். முன் வரிசையில் சம்மாட்டி இருந்தார். கறுத்து இறுகிய மனிதர், கழுத்தில் செபமாலை. ஒரு துப்பறியும் படம் போட்டேன். அந்த எண்பத்தாறு விடுமுறைக்குப் பிறகு என் கைக்கு வந்து, எத்தனையோ வீடுகளில் போட்ட படம். நடுவில் விடுதிக் காட்சி ஒன்று உண்டு. ஒருத்தி அரைகுறை உடுப்போடு மேசையில் ஏறுவாள். அவள் ஏற முதலே விரலை அழுத்தினேன். மகன் அந்நேரம் குசினியில் சோடா எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ரீவிக்கு முன்னால் அரைவாசி மறைத்துக்கொண்டும் நின்றேன்.

"ஒரு விடுதியிலை சண்டை. வேறை ஒண்டுமில்லை" என்றேன்.

படம் முடிந்து கேக்கும் சோடாவும் வந்தன. சம்மாட்டி எல்லோரும் கேட்க என்னிடம் கேட்டார்.

"மாஸ்டர், நீங்கள் படிச்ச மனிசன். கன படம் பாக்கிறனீங்கள். இவன் தான் வெள்ளைக்காரன்ரை படத்திலை நிண்டனானாம். அப்பிடி ஏதும் கண்டனீங்களோ?"

நான் மகனைப் பார்த்தேன். அவர் பதற்றப்படவில்லை. இன்னும் காணவில்லை என்று நான் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உண்மையான பதிலும் அதுதான். ஆனால் அறை நிறைய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஐயா, இஞ்சை வந்த படமெல்லாம் நான் கரைச்சுக் குடிச்சிருக்கிறன். அப்பிடியொரு காட்சி எதிலையும் இல்லை. தம்பி நித்திரையிலை நடிச்சிருப்பார்" என்றேன்.

வீடு அதிரச் சிரித்தார்கள். சம்மாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்து மெல்லச் சொன்னார். "கிளாஸ் கழுவினனான் எண்டு சொல்லியிருந்தால் நான் குறைவா நினைச்சிருக்கமாட்டன். நேர்மையான வேலை. பொய்தான் எனக்கு ஒத்துவராது."

அன்றையிலிருந்து குருநகரில் அவருக்கு "நாலு செக்கன்" என்று பட்டம். "நாலு செக்கன் வாறார், கண்ணைச் சிமிட்டாதையுங்கோடா, விட்டிடுவியள்" என்று சந்தியில் நின்று கத்துவார்கள். அவர் அதன் பிறகும் என் வீட்டுக்கு வந்தார். என்னோடு கோபிக்கவில்லை. "இன்னும் வராத படம் எத்தினை கிடக்கு சேர்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம், மழைக்காலம் கழிந்தபின், கசற்றுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் துடைத்து, நாடா நல்லாயிருக்கிறதா என்று பார்க்க முழுவதும் ஓடவிட்டேன். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் தனிய. குருநகரில் போட்ட அதே துப்பறியும் படம் ஓடிக்கொண்டிருந்தது. விடுதிக் காட்சி வந்தது. பார்க்க யாரும் இல்லாதபடியால் விரலுக்கு வேலை இல்லை. கசற் கைக்கு வந்த நாளிலும் மனைவி பக்கத்தில் இருந்தபடியால் ஓட்டித்தான் பார்த்திருந்தேன். முதல் தடவையாக அந்தக் காட்சியை உரிய வேகத்தில் பார்த்தேன்.

மேசையில் அவள் ஏறினாள். போத்தல் உடைந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் குத்து வாங்கினான். அவனுக்குப் பின்னால், மேடையின் இடது ஓரத்தில், சிவப்புச் சேட்டும் தோள்வரை தலைமயிருமாக என் விறாந்தையில் நின்று வாசித்த மனிதர்.

நாலு செக்கன் அல்ல. ஆறு. நான் திருப்பித் திருப்பிப் போட்டு எண்ணினேன்.

சைக்கிளை எடுத்தால் அரை மணித்தியாலத்தில் குருநகர். அப்போது மின்சாரம் இருந்தது. சம்மாட்டிக்கு இரண்டு கண்களும் நன்றாகத் தெரிந்தன. நான் செய்தது வேறு. நாடாவைச் சுற்றி, உறையில் போட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் என் அழகான கையெழுத்தில் "பழுது" என்று எழுதி ஒட்டி, அலுமாரிக்கு மேலே பின்பக்கமாக வைத்தேன்.

ஏன் என்று பல வருடங்கள் என்னை நானே கேட்டிருக்கிறேன். பதில் சிக்கலானது அல்ல. நான் சொன்னது பிழை என்று குருநகருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அதைவிட, அத்தனை வீடுகளில் அந்த மனிதரை ஓட்டிக்கொண்டு போனது என்னுடைய விரல் என்றும், அவருடைய தகப்பனுக்கு முன்னாலேயே அவரை மறைத்துக்கொண்டு நின்று "ஒண்டுமில்லை" என்று சொன்னது நான் என்றும் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும் என்ற பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதரின் நாணயத்தை என் பெயருக்கு விலையாகக் கொடுத்தேன். அறிந்துதான் கொடுத்தேன்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது; மின்சாரம் போயிற்று. ரீவிக்கு மேலே மனைவி துணி விரித்துப் பூச்சாடி வைத்தாள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். ஒருநாள் பின்னேரம் அவர் வந்தார். சைக்கிள் கூடையில், பன்னாடை சுற்றிய போத்தல் ஒன்று.

"அப்பாக்கு ஒரு கண் தெரியாமல் போட்டுது சேர். மற்றதிலை பனிப்புகார் மாதிரி மூடிக்கொண்டு வருதாம். ஒப்பரேசன் செய்ய ஆஸ்பத்திரியிலை டொக்டரும் இல்லை, சாமானும் இல்லை."

"கொழும்புக்குக் கொண்டுபோகேலாதோ?"

"அவர் வரமாட்டார். கடலை விட்டிட்டு வரமாட்டாராம். கடலுக்குப் போகவும் விடுறாங்களில்லை." போத்தலை விறாந்தைத் தூணோடு வைத்தார். "இது மண்ணெண்ணெய். உங்களுக்குத் தெரிஞ்ச ஆரிட்டையும் ஜெனரேற்றர் இருந்தால், பாக்காமல் கிடக்கிற கசற் ஏதும் இருந்தால், ஒருக்கா ஓட்டிப் பாப்பியளோ? நாலு செக்கன் பாக்கிற அளவுக்கு அவருக்கு இன்னும் கண் கிடக்கு."

அலுமாரி நாங்கள் இருந்த இடத்திலிருந்து பதினைந்து அடி.

"பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

ஒரு கிழமை கழித்து வந்தார். "ஒண்டிலையும் இல்லைத் தம்பி" என்றேன். அவர் தலையாட்டினார். போத்தலைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மண்ணெண்ணெயில் விளக்குக் கொளுத்தி ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். சொல்லெழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையால் சுற்றி வட்டம் போட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் அவர் கிளாலிக் கடலால் கடந்து கொழும்புக்கும், அங்கிருந்து பிரான்சுக்கும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

தொண்ணூற்றுநாலு மார்கழியில் அவரிடமிருந்து ஒரு நத்தார் வாழ்த்து வந்தது. நாலைந்து கைகள் மாறி, ஓரம் கசங்கி வந்த மட்டை. உள்ளே இவ்வளவுதான் இருந்தது. "சேர், அக்கா, சுகமாக இருக்கிறீர்களா? நான் இங்கே ஒரு றெஸ்ரோரண்டில் கோப்பையும் கிளாசும் கழுவுகிறேன். இப்போது சொன்னால் அப்பா நம்புவார்."

அவர் குத்திக்காட்டுவதற்கு எழுதவில்லை. பகிடியாகத்தான் எழுதினார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மனைவி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு, கதிரையை வைத்து ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து கசற்றை எடுத்து என் கையில் தந்தாள்.

"உப்பிடிச் செய்த மனிசன்ரை வீட்டிலையோ, கதிரையிலை கால் வைச்சதுக்கு நான் அந்தப் பிள்ளையை ஏசினனான்" என்றாள்.

புது வருடம் பிறந்து சண்டை சில மாதங்கள் நின்றிருந்தது. தெரிந்த ஒருவரிடம் சிறிய ஜெனரேற்றர் இருந்தது. ஒரு துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும். வான் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குருநகருக்குப் போனேன். போகும் வழியில் இன்னொரு பொய்யையும் தயார் செய்தேன். "இப்பதான் ஐயா கையிலை கிடைச்சது" என்பது அந்தப் பொய். அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டின் ஒரு பக்கக் கூரை ஷெல் பட்டுப் போயிருந்தது. சம்மாட்டி மற்றப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில், அவரோடு முப்பது வருடம் வள்ளத்தில் போன கிழவர் ஒருவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மகள் எனக்குக் கதிரை போட்டாள்.

"ஆர்?"

"இங்கிலிஸ் மாஸ்டர், அப்பா."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். கண் இரண்டும் பால் நிறமாக இருந்தன. பிந்திவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மகன் நிக்கிற படம் கொண்டுவந்திருக்கிறன், ஐயா" என்றேன்.

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு, "போடுங்கோ" என்றார்.

ஜெனரேற்றர் முற்றத்தில் இரைந்தது. காட்சி தொடங்க இசையும் கூச்சலும் கிளம்பின. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"உந்தக் கிற்றார் அவன் வாசிக்கிறதோ?"

"இல்லை ஐயா. படத்துக்காரர் பிறகு வேறை ஆக்களைக்கொண்டு வாசிச்சுச் சேர்க்கிறவை."

"அப்ப எனக்கு உதிலை என்ன கிடக்கு?"

நான் எழுந்து ரீவிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்த வேலை அது. "ஐயா, ஒரு பெரிய மண்டபம், இடப்பக்கம் மேடை..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"நீங்கள் சொல்லவேண்டாம். முந்தியும் நீங்கள்தான் சொன்னது." வெற்றிலை இடித்த கிழவரின் பக்கம் திரும்பினார். "டேய், நீ பாத்துச் சொல்லு."

கிழவர் உரலைக் கீழே வைத்துவிட்டு ரீவிக்குக் கிட்ட வந்து குந்தினார். நான் காட்சியைத் திருப்பிப் போட்டு, அந்த மனிதர் வரும் இடத்தில் நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"சிவத்தச் சேட்டு, சம்மாட்டி. தலைமயிர் பொம்பிளையளின்ரை மாதிரி."

"மயிரை விடடா. முகம்?"

"இருட்டாக் கிடக்கு. எனக்கும் கண் உம்மளவிலைதான். அவனெண்டும் சொல்லலாம், இல்லையெண்டும் சொல்லலாம்."

"கால் எங்கை?"

"என்ன?"

"காலடா. எங்கை வைச்சிருக்கிறான்?"

"இடக்கால் ஒரு பெட்டிக்கு மேலை கிடக்கு. ஸ்பீக்கர்ப் பெட்டி போலை."

"முழங்கால்?"

"மடிஞ்சு."

"மற்றக்கால்?"

"பின்னுக்கு ஊண்டி நிக்கிறான். இடுப்பு நாரி பின்னுக்குச் சரிஞ்சு... இடக்கை நீட்டி, வலக்கை வயித்தோடை..." கிழவர் நிறுத்தினார். கண்ணை இடுக்கி இன்னும் கிட்டப் போனார். பிறகு சிரித்துவிட்டார். "சம்மாட்டி, உவன் வள்ளத்தின்ரை முன் அணியத்திலை நிண்டெல்லோ வலை இழுக்கிறான்! உம்மடை பெடியன்தான். நீர் பழக்கின காலுதானே."

மகள் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் அந்தக் காலை என் விறாந்தையில் எத்தனையோ தரம் பார்த்தவன். ஸ்ரைல் என்று விளக்கம் சொன்னவன்.

"திருப்பிப் போடும்" என்றார் சம்மாட்டி.

அதுவரை என்னை "நீங்கள்" என்றே கூப்பிட்டவர் அவர். இப்போது நான் "நீர்" ஆகிவிட்டேன். நான் திருப்பிப் போட்டேன். கிழவர் ஒவ்வொரு தரமும் ஆரம்பத்திலிருந்து சொன்னார்: சேட்டு, கால், முழங்கால், நாரி. மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் இருமி நிற்கும் வரைக்கும் போட்டோம்.

சத்தம் அடங்கிய பிறகு அவர் கேட்டார்.

"எப்ப கண்டனீர்?"

வழியில் தயார் செய்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. எண்பத்தெட்டில் இதே வீட்டில், இதே மனிதர் இப்படித்தான் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்.

"எண்பத்தொன்பதிலை" என்றேன். "அதுக்கு முதல் இஞ்சை போட்டதும் இந்தப் படந்தான். அந்த இடத்தை நான்தான் ஓட்டிவிட்டனான். பிறகு தம்பி வந்து கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான்."

வெற்றிலைக் கிழவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். சம்மாட்டி குரலை உயர்த்தவில்லை.

"எண்பத்தொன்பதிலை எனக்கு ரெண்டு கண்ணும் இருந்தது" என்றார்.

பிறகு மகளிடம் கொப்பிக் கடதாசியும் பேனையும் எடுக்கச் சொன்னார். என் கையில் கொடுக்கச் சொன்னார். மகளுக்கு எழுதத் தெரியும். இருந்தும் என்னைக்கொண்டுதான் எழுதுவித்தார். "மகனுக்கு அப்பா எழுதுவது. படம் வந்தது. நீ நின்றாய். இடக்கால் நல்லாய் ஊன்றியிருந்தாய். நான் உன்னைப் பொய்யன் என்று நினைத்தது பிழை." அவ்வளவும் நான் எழுதினேன்.

"இனி நீர் எழுதும். எப்ப கண்டீர், ஏன் சொல்லேல்லை எண்டு. உம்மடை கையாலை. அதையும் இதுக்குக் கீழையே எழுதும்."

எழுதினேன். மண்ணெண்ணெயையும் விடவில்லை. மகள் வாங்கி உரக்க வாசித்தாள். கிழவருக்கு ஓரிடம் விளங்காமல் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவள் திரும்ப வாசித்தாள்.

எழும்பும்போது கசற்றை அவர் கையில் வைத்தேன். உறையைத் தடவிக்கொண்டு வந்தவரின் விரல், ஒட்டியிருந்த கடதாசியில் நின்றது.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"பழுது எண்டு."

"உரிச்சுவிடும்."

பசை காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க நேரம் எடுத்தது.

சித்திரையில் சண்டை மறுபடியும் மூண்டது. ஆடி மாதம் ஒருநாள் சைக்கிளில் குருநகர்ப் பக்கம் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். சம்மாட்டி அதே சாய்மனைக் கதிரையில் இருந்தார். கசற் தலைமாட்டு மேசையில், மாதாவின் படத்துக்குக் கீழே இருந்தது. அந்த வீட்டில் ரீவியும் இல்லை, டெக்கும் இல்லை.

"மகனிட்டையிருந்து பதில் வந்ததோ, ஐயா?"

"ஓம். வந்தது."

"என்ன எழுதியிருக்கிறார்?"

"அது எனக்கு எழுதினது."

படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கு ஏதும்?"

"உமக்கு ஒண்டும் எழுதேல்லை." பால் நிறக் கண்களை என் பக்கம் திருப்பினார். "வேறை என்ன அலுவலா வந்தனீர்?"

வேறு அலுவல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.